முழங்கையில் இடி, தோளில் பதில்

[திரையில்: கல்யாணப் பந்தி. சாம்பார் வாளியுடன் நடப்பவரின் முன்கையில் ஒருவர் இடித்துவிட்டுப் போகிறார்.]

இடி விழுந்தது முழங்கைக்குக் கீழே. ஆனால் சாம்பார் சிந்தாமல் இருக்க வேண்டுமானால் தோளும் சேர்ந்து பிடித்தாக வேண்டும். தோளுக்கு யார் தகவல் சொன்னது?

முதலில் ஒன்று செய்து பாருங்கள். வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முன்கையை மட்டும் வேகமாக உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். இடது கையை வலது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அசைவது முன்கைதான், ஆனாலும் மார்புத் தசை இறுகி இறுகித் தளர்கிறது இல்லையா? முன்கை ஆடும்போது அதன் எதிர்விசை மேல்கையையும் திருப்பப் பார்க்கும். அதைத் தடுப்பது தோளை அசைக்கும் தசைகளின் வேலை.

சரி, இது நாமாகச் செய்தது. எதிர்பாராமல் இடி விழுந்தால்?

[வரைபடம்: தசை, தண்டுவடம், மூளை]

தசை இழுபட்டதும் அதற்குள் இருக்கும் உணர் உறுப்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். சுமார் 20 மில்லி வினாடியில் இழுபட்ட தசை சுருங்கும். முழங்காலில் டாக்டர் தட்டும்போது நடப்பதும் இதுதான். வேகமானது, ஆனால் விவரம் பத்தாது: இழுபட்ட தசைக்கு மட்டும்தான் பெரும்பாலும் பதில்.

சுமார் 50 மில்லி வினாடியில் இரண்டாவது பதில் வருகிறது. செய்தி மூளையின் இயக்கப் புறணி வரை, அதாவது அசைவுகளை ஆளும் மேற்பரப்புப் பகுதி வரை, போய்த் திரும்பும் நேரம் இது. நாம் நினைத்துச் செயல்பட 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும் என்பதால் இதுவும் அனிச்சைதான். எனக்கு இதுதான் சுவாரசியம்.

கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2008இல் இதைச் சோதித்தார்கள். கையை ஒரு ரோபோவில் பொருத்தி, தோளிலும் முழங்கையிலும் ஒரே நேரத்தில் விசை கொடுத்தார்கள். அளவைக் கச்சிதமாகத் தேர்ந்தெடுத்ததால் முழங்கை மட்டும் அசைந்தது, தோள் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. அதாவது தோள் தசை இழுபடவே இல்லை. 20 மில்லி வினாடியில் அதில் பதிலே இல்லை. 50ஐத் தொட்டதும் சுருங்கியது! முழங்கையிலிருந்து வந்த செய்தியை வைத்து, தோள்மீது என்ன விசை விழுந்திருக்கும் என்று நரம்பு மண்டலம் கணக்குப் போட்டுவிட்டது.

தனக்கு நேராத அசைவுக்குத் தோள் பதில் சொல்கிறது. விசித்திரம்தான்.

கையில் ஓடும் நரம்புகளை மின்துடிப்பால் லேசாகத் தூண்டினாலும், தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் ட்ரெபீசியஸ் போன்ற தசைகளில் அனிச்சை தெரிகிறது. அந்த எலும்பு மார்புக்கூட்டின் மேல் சறுக்குவது. காறை எலும்பைத் தவிர, மார்புக்கூட்டோடு அதை இணைக்க வேறு எலும்பு இல்லை. மற்றபடி தசைகளின் பிடிதான்.

இன்னொரு கனடிய ஆய்வில் தோள் மூட்டை அசையாமல் பூட்டிவிட்டு, முழங்கையை மட்டும் திரும்பத் திரும்ப அசைக்கச் சொன்னார்கள். தோளுக்கு இனி வேலையில்லை. யாரும் சொல்லாமலே தோள் தசைகளின் செயல்பாடு மெல்லக் குறைந்தது. இடிக்கு வரும் அனிச்சையும் கூடவே குறைந்தது. பூட்டைத் திறந்ததும் கை கொஞ்ச நேரம் இலக்கைத் தவறவிட்டது. அப்புறம் சரியாகிவிட்டது.