ஈயம் உருக்கும் அடுப்பு

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் முப்பத்தொரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி என்று மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் கர்ப்பிணிகளோடு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். "மூத்தவன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்பேன். "ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் அக்கா. சொன்னது மனதில் நிற்பதில்லை. டீச்சர் தினமும் குறை சொல்கிறார்" என்பாள். அவள் முடிப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும்: "எல்லாம் இவள் வளர்ப்பு." அவள் அதற்குமேல் பேச மாட்டாள்.

வளர்ப்பு என்று சொல்லும் முன்னால், அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்த பத்து மாதமும் அந்த வீட்டில் என்னென்ன புழங்கின என்று பார்க்க வேண்டும். ஈயம், பாதரசம் போன்ற நஞ்சு வயிற்றிலேயே பிள்ளையின் மூளைக்குப் போவதைத்தான் இன்று சொல்ல வந்தேன். நடுநடுவே திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் தீவில் ஒரு வீடு. ஏழாம் மாதத்துப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததும் தொண்டை காறியது. அடுப்பில் பழைய இரும்புச் சட்டி. அதில் வெள்ளியை உருக்கியதுபோல் தளதளவென்று காரீயம். மாமனார் மேலே படிந்த சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். வலைக்கு மேலே மிதப்பு, கீழே கனத்துக்கு ஈயம். கடற்கரையில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கினால் விலை கூடுதல் என்று பழைய பேட்டரித் தகடுகளை வாங்கி வந்து வீட்டிலேயே உருக்கினார்கள். விறகு தள்ளிக்கொண்டிருந்தது அந்தக் கர்ப்பிணிப் பெண். பக்கத்தில் மூன்று வயது மகன் எதையோ வாயில் குதப்பிக்கொண்டிருந்தான். விரலை விட்டு எடுத்தேன். ஆறிப்போன ஈயக்குண்டு. ஈயம் மிருதுவான உலோகம் அல்லவா, அதில் பிள்ளையின் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

நம் மொழியில் வெள்ளீயம், காரீயம் என்று இரண்டு உண்டு. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் வெள்ளீயம். வலைக்குக் கட்டுவது காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால், "காலங்காலமாக ஈயத்தில்தானே சமைத்தோம்" என்ற பதில் எனக்குப் பல வீடுகளில் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு உலோகம். காரீயம் நஞ்சு. இந்த அளவுவரை போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏமாறுகிறது. எலும்புக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. அங்கே அது பல ஆண்டுகள் கிடக்கும். பிறகு அந்தப் பெண் கர்ப்பமாகிறாள். வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தாயின் எலும்பு கரைந்து கொடுக்கிறது. கூடவே பழைய ஈயமும் ரத்தத்தில் இறங்கி, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் மூளைக்குப் போகிறது. பத்து வயதில் வலைக்கொட்டகையில் விளையாடியபோது உடம்பில் ஏறியது, இருபத்தைந்து வயதில் பிள்ளைக்குப் போகிறது. இதில் அந்தப் பெண் செய்த தவறு என்ன?

அமெரிக்காவில் நீடில்மன் என்றொரு மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். நாம் கூரையில் எறிகிறோமே, அதே பால் பற்கள். பல்லில் எவ்வளவு ஈயம் என்று அளந்தார். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடமும் கேட்டு வைத்திருந்தார். 1979இல் முடிவு வெளிவந்தது. பல்லில் ஈயம் கூடக் கூட, கவனம் சிதறுகிறது, சொன்னதைச் செய்து முடிப்பதில்லை என்று ஆசிரியர்கள் சொன்ன பிள்ளைகளும் கூடினார்கள். அதே நாட்டில் சின்சினாட்டி நகரில் கர்ப்பிணிகளின் ரத்தத்தையே அளந்து, 1979 முதல் 1984 வரை பிறந்த பிள்ளைகளை வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்தார்கள். தாயின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தவர்களின் பிள்ளைகள் பின்னாளில் போலீசில் கைதானதும் கூடுதலாக இருந்தது. எல்லாச் சேட்டைக்கும் ஈயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நம் கையால் தடுக்கக்கூடிய காரணம் இது என்கிறேன்.

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரின் கதையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பயிற்சிக் காலத்திலிருந்து என்னோடு இருக்கும் கதை. தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் விரிகுடா மீனில் ஏறியது. முதலில் பூனைகள் தள்ளாடிக் கடலில் விழுந்தன. பிறகு மனிதர்கள். 1956இல் நோயென்று அறிவித்தார்கள். 1961இல் ஹராடா என்ற இளம் மருத்துவர் ஒரு வீட்டுக்குப் போகிறார். சகோதரர்கள் இரண்டு பேர், இருவருக்கும் கை கால் ஒரே மாதிரி இழுக்கிறது. பெரியவனுக்கு மீன் தின்றதால் வந்த நோய், சின்னவனுக்குப் பிறவி மூளைவாதம் என்று மருத்துவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நஞ்சுக்கொடியைத் தாண்டி நஞ்சு போகாது என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. அந்தத் தாய் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னவன் மீனே தின்றதில்லை, அவனைச் சுமந்தபோது நான் தின்றேன், என் வயிற்றில் வைத்துத்தான் அவனுக்கு வந்தது என்கிறாள். ஹராடா அவள் சொல்லைத் தள்ளிவிடவில்லை. அடுத்த ஆண்டே அது கருவில் வந்த நோய்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு அதற்குச் சாட்சி கிடைத்த விதத்தைக் கேளுங்கள். பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். நாமும் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுகிறோமே. அந்தப் பெட்டிகளைத் தேடித் தேடி வாங்கி ஆராய்ந்தார்கள். தொழிற்சாலை உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது. மருத்துவர்களுக்கு முன்பே தாய்க்குத் தெரிந்திருக்கிறது. இதனால்தான் கர்ப்பிணி ஒன்று சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன்.

இதைக் கேட்டுவிட்டு மீனை நிறுத்திவிடாதீர்கள்! பிள்ளையின் மூளைக்கு மீன் வேண்டும். சூடை, சாளை, நெத்திலி, காரல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். சின்ன மீனில் பாதரசம் குறைவு. பெரிய சுறா, கொப்பரன் போல மற்ற மீனைத் தின்று பல வருடம் வாழும் மீன்களில்தான் அது சேர்கிறது. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அவை வேண்டாம். பால் சுறாப் புட்டு நம் ஊர் வழக்கம், எனக்கும் என் தாய் செய்து கொடுத்தார். அந்த இடத்தில் சாளையையோ நெத்திலியையோ வையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பிளாஸ்டிக்கைப் பற்றி நிறையக் குறித்து வந்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பிளாஸ்டிக்கை வளையச் செய்யவும், சென்ட், பவுடரில் வாசனை நிற்கவும் சேர்க்கும் தாலேட்டு என்னும் பொருள்கள் கர்ப்பிணியின் உடம்பில் கூடுதலாக இருந்தால், பிள்ளையின் கவனமும் நடத்தையும் பாதிக்கப்படலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஈயத்தைப் போல உறுதியாக நிறுவப்பட்டதல்ல. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள், தூக்குவாளி கொண்டுபோங்கள். கண்ணில் தீட்டும் சில சுருமா மையிலும் காரீயம் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் வேண்டாம். மஞ்சள் பொடியிலும் காரீயம் கலந்திருக்கலாம், கிழங்காக வாங்கி அரையுங்கள்.

ஈயம் உருக்குவதை வீட்டில் வைக்காதீர்கள். வெளியில் என்றாலும் கர்ப்பிணியும் பிள்ளைகளும் இல்லாத இடத்தில், சமைக்காத சட்டியில். உருக்கியவர் குளித்து உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். வலையில் மாட்டும்போது ஈயத்தைப் பல்லால் கடித்து நெருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரை ஜன்னல் மாடத்தில் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சாப்பிடுங்கள். மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் கொடுத்தபோது ரத்தத்தில் ஈயம் குறைந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் தவறக் கூடாது; இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் போடாதீர்கள். அந்தப் பாம்பன் வீட்டு மாமனார் மறுவாரமே சட்டியையும் அச்சையும் படகுத்துறைக்கு எடுத்துப்போய்விட்டார். வணக்கம்.