இரண்டாவது தடவை எழுதும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சேலம் டவுனிலும் ஏற்காட்டு மலையிலும் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள் என்ற முறையில் பேசுகிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் ஒரு பேச்சு வரும். "எம்பையனுக்குக் கணக்கு நல்லா வருதுங்க மிஸ், கட்டுரைதான் வரமாட்டேங்குது." வாய்ப்பாடு வராவிட்டால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். கட்டுரை வராவிட்டால் மட்டும் அது அவன் பிறப்பு அப்படி என்று விட்டுவிடுகிறோம். எழுத்தும் சொல்லிக்கொடுத்தால் வரும். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நாம் அதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. தலைப்புக் கொடுக்கிறோம், எழுதி வாங்குகிறோம், மதிப்பெண் போடுகிறோம். நடுவில் இருக்கவேண்டிய பாடம் காணாமல் போய்விடுகிறது.

மலைப் பள்ளியில் 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். "ஏற்காடு ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படுகிறது. இது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இங்கு படகு இல்லம், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் ஆகியவை உள்ளன. மே மாதம் கோடை விழா நடைபெறும்." ஒரு வகுப்பு முழுக்க இதேதான். தகவலில் குற்றமில்லை. ஆனால் இது சுற்றுலா வந்தவர் பார்க்கிற ஏற்காடு. எழுதிய பிள்ளையோ அங்கேயே பிறந்தது. காப்பித் தோட்டத்து வழியாகப் பள்ளிக்கு நடந்து வருவது. வழியில் காட்டெருமை நின்றால் ஓடக்கூடாது, அசையாமல் நின்று அது போனபிறகு நகரவேண்டும் என்று தெரிந்தது. பழம் பறிக்கிற பருவத்தில் அம்மாவின் விரல்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நோட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அதெல்லாம் எழுதலாமா மிஸ்?" என்று திருப்பிக் கேட்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்டபிறகு, கட்டுரைகளை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுகிற நோட்ஸ் புத்தகங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தன் வாழ்க்கை எழுதத் தகுந்ததல்ல என்று பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை நம்பிவிடுகிறது. அதை மாற்றுவதுதான் எழுத்துப் பாடத்தின் முதல் வேலை.

அதற்கு முதலில் தலைப்பைச் சின்னதாக்க வேண்டும். 'எங்கள் ஊர்' என்றால் மலைத்துப் போய் நோட்ஸைத் தேடும். 'காப்பி பூத்த அன்று' என்றால் நோட்ஸில் கிடைக்காது. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து ஒன்பது பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரேயடியாக வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அதைப் பார்க்காத மலைப்பிள்ளை இருக்க முடியாது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதலில் எழுதித் தந்தது இது: "காப்பிப் பூ வெள்ளையாக இருக்கும். பார்க்க மிகவும் அழகாக இருக்கும். நல்ல வாசனை வரும். அனைவரும் மகிழ்ச்சி அடைவார்கள்."

சிவப்பு மையை நான் தொடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "வாசனை வந்தப்ப நீ எங்க இருந்த கண்ணு? என்ன பண்ணிட்டு இருந்த? யாரு யாரு மகிழ்ச்சி அடைஞ்சாங்க?" அந்த மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பா ஒண்ணும் சந்தோசமா இல்ல மிஸ்" என்றாள். "சரி, அதையும் எழுது" என்றேன்.

மறுநாள் கொண்டுவந்தாள்: "காலையில் பல் விளக்க வெளியே வந்தேன். மல்லிகைப்பூ மாதிரி வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் அன்று யாரும் பூ வைக்கவில்லை. காப்பி பூத்துருச்சு என்று ஆயா சொன்னார். அப்பா வாசலில் நின்று வானத்தையே பார்த்தார். பூ விரிந்த அன்றைக்கு மழை அடித்தால் காய் பிடிக்காதாம். அப்பா டீ குடிக்காமலே போனார்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அழகாக' என்ற சொல் இரண்டாவதில் இல்லை. 'அனைவரும் மகிழ்ச்சி அடைவார்கள்' என்பது போய்விட்டது, ஏனென்றால் அது உண்மையில்லை. அந்தப் பொய்யான வரி எங்கிருந்து வந்தது? எந்தக் கட்டுரையும் அப்படித்தான் முடியவேண்டும் என்று நாம் பழக்கியதிலிருந்து வந்தது. நான் அவளுக்கு ஒரு வரியும் எழுதித் தரவில்லை. கேள்விதான் கேட்டேன். எழுத்தாசிரியருக்கு வேண்டிய கருவி அது ஒன்றுதான் என்பது என் துணிபு.

திருப்பி எழுதச் சொன்னால் பிள்ளைகள் தண்டனை என்று நினைக்கும். நூறு தடவை இம்போசிஷன் எழுதவைத்தே பழக்கிவிட்டோம் அல்லவா! சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்கிற சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பிள்ளைகளிடம் கொலுசை வைத்துச் சொன்னால் பட்டென்று புரியும். வீட்டிலேயே வேலை நடப்பதைப் பார்க்கிறவர்கள். பற்றவைத்து முடித்ததும் கொலுசு கடைக்குப் போய்விடுமா, மெருகு போடவேண்டாமா என்று கேட்பேன். "கறுப்பா இருக்குமே மிஸ், யாரு வாங்குவாங்க?" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

எதைத் திருத்துவது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டுமே! அதற்கு நம்மிடமே பழைய சரக்கு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்கள் என்று ஒரு சூத்திரம் உண்டு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று வரிசையாகப் போகும். அதை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். நான் அதைத் திருத்தும் வேலைக்கே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு குற்றம். அந்த வாரம் வேறு எதையும் பார்க்கக்கூடாது.

'கூறியது கூறல்' வாரத்தில் வகுப்பு முழுக்கக் காது தீட்டிக்கொண்டிருக்கும். ஒருவன் வாசிக்க, "ரெண்டாவது தடவ சொல்லிட்டான்" என்று நாலு குரல் எழும். எனக்கு மிகவும் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்'. ஆரம்பம் தடபுடலாக இருக்கும், போகப்போக இளைத்துக் கடைசியில் "இவ்வாறாக இனிதே முடிந்தது" என்று நின்றுவிடும். மணி அடிக்கப்போகிறது என்ற அவசரத்தில் எழுதிய எல்லாக் கட்டுரைக்கும் இந்த நோய் உண்டு. பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடுத்த சூத்திரத்தில் பத்து அழகும் இருக்கிறது. 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்' என்ற முதல் இரண்டே ஒரு வருஷத்துக்குப் போதும்.

எழுத்துப் பிழை என்ன ஆவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ல, ள, ழ மயங்கும், ஒற்று விடுபடும், அதெல்லாம் முக்கியம்தான். கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரைவிலேயே சிவப்பு வட்டம் போட்டால், 'பள்ளத்தாக்கு' என்று எழுதத் தயங்கும் பிள்ளை 'குழி' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். பேச்சுத் தமிழும் அப்படித்தான். ஆயா பேசுவதை ஆயா பேசுகிற மாதிரியே எழுதட்டும். கதை சொல்லும் வரிகளைப் பின்னால் எழுத்து நடைக்குக் கொண்டுவரலாம்.

நாற்பது பிள்ளைகள், ஒரே பீரியட், இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற கேள்வி நியாயமானது. எல்லா நோட்டையும் ஒரே நாளில் பார்க்கவேண்டாம். நாளுக்கு ஐந்து பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினால் எட்டு வேலை நாளில் ஒரு சுற்று வந்துவிடும். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். சத்தமாக வாசிக்கும்போது நாக்குத் தடுக்குகிற இடத்தில்தான் வாக்கியம் கோணியிருக்கும்.

எழுதியதை யாராவது படிக்கவும் வேண்டும். ஆசிரியர் மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுகிற எழுத்துக்காக எந்தப் பிள்ளை மெனக்கெடும்? சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு சார்ட் அட்டை போதும். கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம், ஒரு குயர் தாளில் நடத்தலாம். மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித்துறையே 'தேன்சிட்டு' என்ற இதழைக் கொண்டுவந்தது. பிள்ளைகளின் படைப்புகள் அதில் வரும். பக்கத்துப் பள்ளிப் பிள்ளையின் எழுத்து அச்சில் வருவதைப் பார்க்கிற அன்றைக்கு ஒரு வகுப்பின் முகமே மாறிப்போகும். அதோடு, நூலகப் புத்தகங்களைப் பீரோவில் பூட்டிவைக்காதீர்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எழுதியதைக் கொண்டுவந்து காட்டினால், கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள். முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காது இருந்தால் போதும். கேட்டு முடித்ததும் "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால், "இத எழுதலியே, எழுதிட்டு வா" என்று அனுப்புங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.