ஐந்து தோல்விகளும் ஒரு நோட்டுத் தாளும்

வணக்கம். கண் சிவந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு வேலரண்ட்டில், ஐவருக்கு எதிராக ஐவர் சுட்டு ஆடும் கணினி விளையாட்டில், தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றேன். அதன் தரவரிசையில் கோல்ட் 3இல் இருந்தவன் ஒரு படி கீழே கோல்ட் 2க்கு இறங்கிவிட்டேன். இரண்டு வாரம் சேர்த்தது ஒரே இரவில் கரைந்தது.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு எல்லோரையும் போல நானும் புலம்பினேன்: இப்படித் தடுமாறும் கூட்டாளிகளாகப் பார்த்து என் தலையில்தான் கட்டுவார்களா? காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எதிரணியில் ஐந்து பேர், என் அணியில் என்னைத் தவிர நான்கு பேர். தடுமாறும் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் வந்து சேர்கிறார்கள் என்றால், நான் ஒழுங்காக ஆடும்வரை அப்படி ஒருவர் எதிரணிக்குப் போய்ச் சேரும் வாய்ப்பே அதிகம். ஒரு நாளில் இது தெரியாது, நூறு ஆட்டத்தில் தெரியும். ஐந்து தொடர் தோல்வியும் அதிசயமில்லை. நாணயத்தை 100 முறை சுண்டினால், எங்கேயாவது தொடர்ந்து ஐந்து பூ விழும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 81. யாரும் சதி செய்யவில்லை. சதி என்று நம்பினால் தூக்கம் நன்றாக வரும், அவ்வளவுதான்.

இந்தத் தரவரிசைக் கணக்குக்கெல்லாம் மூதாதை சதுரங்கம். ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறை அது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. அங்கே பலகைக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவர். வென்றால் உங்கள் புகழ், தோற்றால் உங்கள் பழி. ஐவர் ஆடும் ஆட்டத்திலோ உங்கள் திறமை மற்ற ஒன்பது பேரின் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுக்க நிறைய ஆட்டங்கள் தேவை. பத்து ஆட்டத்தில் "என் உண்மையான ரேங்க் இது இல்லை" என்பவரிடம் நான் வாதம் செய்வதில்லை. அப்படிச் சொல்பவர்களில் நானும் ஒருவன்தானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து ஆட்டங்களையும் திரையில் பதிவு செய்து வைத்திருந்தேன். இன்று முழுவதும் அவற்றைப் பார்த்தேன், நான் செத்த இடங்களை மட்டும். இதோ இந்தத் தாளில் கோடு போட்டு எண்ணியிருக்கிறேன். என் அணியில் முதலில் செத்தது நானாக இருந்த ரவுண்டுகள், அதாவது ஆட்டத்துக்குள் வரும் சுற்றுகள், 31. முப்பத்தொன்று! ஒருவர் போனால் ஐந்துக்கு நான்கு. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நால்வரைத் திட்டிக்கொண்டு நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

எப்படிச் செத்தேன் என்பதுதான் இன்னும் வெட்கம். ஒரு மூலையில் எட்டிப் பார்க்கிறேன், ஒருவரைச் சுடுகிறேன். அதே மூலையில் மறுபடி எட்டிப் பார்க்கிறேன். அங்கே இன்னொருவர் என் தலை வரப்போகும் உயரத்தில் குறியை வைத்துக் காத்திருக்கிறார். வாண்டல் துப்பாக்கியின் ஒரே குண்டு தலையில் பட்டால் முழுக் கவசம் இருந்தும் பிழைக்க முடியாது. இதே காட்சி ஒன்பது முறை. குறி பார்க்கும் பயிற்சிக்குத் தினமும் ஒரு மணி நேரம் செலவழிக்கிறேன். கையைப் பழக்கினேன், காலை எடுத்து இரண்டடி பின்வாங்கப் பழக்கவில்லை.

இன்னொன்று, பணம், அதாவது ஆயுதம் வாங்க ஆட்டத்துக்குள் கிடைக்கும் கிரெடிட். என் கூட்டாளிகள் நால்வரும் இந்த ரவுண்டில் சேமிப்போம் என்று கைத்துப்பாக்கியோடு நிற்கிறார்கள். நான் மட்டும் 2900 கிரெடிட் கொடுத்து வாண்டல் வாங்குகிறேன். சாகிறேன். என் துப்பாக்கியை எதிரி எடுத்துக்கொள்கிறார். அடுத்த ரவுண்டில் என் கூட்டாளிகள் நால்வரும் முழு ஆயுதத்தோடு வரும்போது என்னிடம் காசில்லை. நேற்று ஒருவர் மைக்கில் பொறுமையாக இரண்டு முறை சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்கிறது: "அண்ணா, இப்போது வாங்க வேண்டாம்." நான் அவரை மியூட் செய்திருக்கிறேன்.

கேள்வி வரும் என்று தெரியும்: கூட்டாளிகள் பக்கம் தவறே இல்லையா? இருக்கிறது, நிறைய. அதற்குத் தாள் போடவில்லை. அவர்களை நான் இனி சந்திக்கப் போவதில்லை, என்னோடு மட்டும் எல்லா ஆட்டத்திலும் நானே வருகிறேன்.

இந்த வாரம் இரண்டே விதி. ஒருவரைச் சுட்டதும் இடம் மாறுவேன். வாங்குவதற்கு முன் நால்வரின் கிரெடிட்டையும் பார்ப்பேன். தொடர்ந்து இரண்டு தோற்றால் கணினியை அணைத்துவிடுவேன் என்று மூன்றாவதாக எழுதியிருந்தேன். செய்ய மாட்டேன் என்று தெரிந்ததால் அடித்துவிட்டேன், பாருங்கள், இதோ. அடுத்த வீடியோவில் புதிய தாளோடு வருகிறேன். 31 என்பது 40 ஆகியிருந்தாலும் காட்டுவேன்.