கோணித் துணியில் தீட்டிய சொர்க்கம்

அவையோருக்கு வணக்கம்.

பிரிமிட்டிவிசத்தை ஆதிமைவாதம் என்று தமிழில் சொல்லலாம். 'ஆதி' மக்கள் என்று தாங்கள் கருதியவர்களின் கலையையும் எளிமையையும் ஐரோப்பிய ஓவியர்கள் தேடிப்போன போக்கு அது. இந்த வகைப் படத்தைப் பார்த்ததும் 'நம்ம வீட்டுப் பிள்ளைகூட வரையுமே' என்பார்கள். வரையட்டும், நல்லதுதான். ஆனால் பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் அந்த எளிமையை எப்படிக் கட்டினார் என்று துணியிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

1888 இலையுதிர் காலத்தில், ஓவியர் வான்கோவோடு தென்பிரான்சின் ஆர்ல் நகரில் தங்கியிருந்தபோது, கோகன் 20 மீட்டர் சணல் துணி வாங்கினார். ஓவியக் கடைத் துணி இல்லை, சாக்குத் தைக்கும் ரகம். மலிவு ஒரு காரணம். மற்றொன்று, தடித்த இழையில் தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடாது. தட்டித் தட்டித்தான் போகும். கோடு அங்கங்கே விட்டுப்போகும். பழைய சுவரோவியத்தின் சொரசொரப்பு தானாக வந்துவிடும்.

அடுத்தது அடிப்பூச்சு. எண்ணெய்ப் பளபளப்பு கோகனுக்குப் பிடிக்காது. எண்ணெயை உறிஞ்சும் அடிப்பூச்சின் மேல் தீட்டினால் வண்ணம் மங்கலாக, சுண்ணாம்புச் சுவர் மாதிரி உலரும். செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்குப் பொதுவான முறையைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 70 கிராம் அளவு தோல் பசையை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்க விட்டால் பசையின் பிடிப்பே போய்விடும். அதைத் துணிக்கு ஒரு தடவை பூசி, காய்ந்தபின் மீதிப் பசையில் சம அளவு சுண்ணக்கட்டித் தூள் கலந்து பூசுங்கள். பசை கூடினால் பூச்சு இறுகி வெடிக்கும். குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும்.

அளவு சரியாக இருந்தாலும் ஆபத்து போகாது. இந்தப் பூச்சு வளையாது, துணியோ வளையும். சுருட்டினால் பொரிந்து உதிரும். பிறகு கோகன் போய் வரைந்த பசிபிக் தீவான டஹிட்டியிலிருந்து பாரிசுக்குக் கப்பலேறிய படங்களோ சுருட்டித்தான் போயின. பின்னாளில் பழுதுபார்க்கிறோம் என்று சிலர் மெழுகு ஏற்றிப் பின்துணி ஒட்ட, உறிஞ்சும் பூச்சு அதையும் குடித்துக் கறுத்தது. மேலே வார்னிஷும் அடித்தால், கோகன் பாடுபட்டுத் தவிர்த்த பளபளப்பே திரும்பி வந்துவிடும்.

அதே 1888இல், ஆர்லுக்குப் போகும் முன் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் வரைந்த 'பிரசங்கத்துக்குப் பின் தோன்றிய காட்சி'யை இந்தத் திரையில் பாருங்கள். தரை முழுக்க ஒரே சிவப்பு. வெள்ளைத் தொப்பிப் பெண்கள் ஓரத்தில். படத்தைக் குறுக்கே வெட்டும் மரம். அதற்கப்பால் பைபிள் கதையில் வரும் யாக்கோபும் வானதூதரும் மல்லுக்கட்டுகிறார்கள். தொலைவைக் காட்ட நிறம் மங்குவதே இல்லை. கிராமத்து விசுவாசத்தின் கள்ளமற்ற பார்வை என்று இதைப் புகழ்வார்கள். ஆனால் அந்தச் சாய்ந்த மரமும் மல்லர்களும் ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்து வந்தவை. எடோ நகரத்துக் (இன்றைய டோக்கியோ) கடைகளில் விற்ற நாகரிகச் சரக்கு அது! பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் படத்தை இலவசமாகக் கொடுக்கப் போனார். பாதிரியார் வேண்டாம் என்றுவிட்டார்.

1891இல் டஹிட்டி போனார். தீவு அதற்கு 11 ஆண்டு முன்பே பிரெஞ்சுக் காலனி. மிஷனரிகள் தைத்துக் கொடுத்த நீள அங்கியில் பெண்கள் தேவாலயம் போய்வந்தார்கள். தேடிப்போன ஆதி உலகம் அங்கே இல்லை. இல்லாததைக் கையிலிருந்த புகைப்படங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு தீட்டிய 'இயா ஒரானா மரியா', அதாவது 'மரியே வாழ்க', படத்தில் இரண்டு டஹிட்டிப் பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். நமக்கு வீட்டில் பார்த்த நிலை போலத் தோன்றும். அது ஜாவாவின் போரோபுதூர் பௌத்தத் தூபியில் உள்ள புடைப்புச் சிற்பத்தின் நிலை. தேர்ந்த சிற்பிகள் செதுக்கி ஆயிரம் ஆண்டு ஆன கலையை ஆதிவாசி எளிமைக்குச் சான்றாக நிறுத்தினார். எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். அந்த ஏமாற்று வேலை தெரிந்தே பிடிக்கும்.

ஆதிமைவாதத்தில் அடுத்த பெயர் ஓவியர் பிக்காசோ. அவர் கதை பலருக்குத் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1907இல் 'அவிஞ்ஞோன் பெண்கள்' என்ற ஓவியத்துக்காக நூற்றுக்கணக்கான முன்வரைவுகள் போட்டார். நடுவில் பாரிசின் த்ரொகாதெரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்தார். அந்த ஓவியத்தின் வலப்பக்க இரண்டு முகங்களையும் திருத்தித் தீட்டினார்.

1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்தகைய ஓவியங்களையும் முகமூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தியது. பிக்காசோ எந்த ஆண்டு எதை வரைந்தார் என்பது துல்லியமாக இருந்தது. முகமூடி எந்தக் காலத்தது, எந்தச் சடங்குக்குச் செய்தது என்று சொல்லவில்லையே என்று விமர்சகர்கள் சண்டைக்கு வந்தார்கள்.