முதல் உத்தரவு யாருக்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹிஜாபின் உயிர் ஆடையிலா, பார்வையிலா என்பது தலைப்பு. ஆடையில்தான் என்று எதிரணித் தோழி வாதாடிவிட்டுப் போனார். முக்காடு வந்தது, ஜில்பாப் என்கிற மேலங்கி வந்தது, துணியின் தடிமன்கூட வந்தது. ஆண் என்று ஒருவன் மட்டும் அந்தப் பேச்சில் வரவே இல்லை. அவனைத் தேடித்தான் நான் எழுந்திருக்கிறேன்.

குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், அந்நூர். பெண்கள் முக்காட்டை மார்பின் மேல் போட்டுக்கொள்ளட்டும் என்கிற 31ஆம் வசனத்தை அவர் அழகாக ஓதிக் காட்டினார். நடுவர் அவர்களே, 31க்கு முன்னால் 30 என்று ஓர் எண் இருக்கிறதே! அது நம்பிக்கை கொண்ட ஆண்களிடம் பேசுகிறது. பார்வையைத் தாழ்த்துங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள் என்கிறது. 31ஆம் வசனமும் பெண்களிடம் முதலில் இதையேதான் கேட்கிறது. முக்காடு அப்புறம்தான்.

‘ஹிஜாப்’ என்ற சொல் குர்ஆனில் 7 இடங்களில் வருகிறது. எல்லாமே திரை, தடுப்பு என்கிற பொருளில். தலைத்துணிக்கு அங்கே ‘கிமார்’ என்று வேறு சொல் இருக்கிறது.

அதனால் முக்காடு வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. தலையை மறைப்பது கடமை என்பதில் மத்ஹபுகள் என்கிற நான்கு சட்டப் பள்ளிகளும் ஒன்றுதான். முகத்தில்தான் பேச்சு பிரிகிறது. அழகை வெளிக்காட்ட வேண்டாம், “வெளியே தெரிவதைத் தவிர” என்று அதே 31ஆம் வசனம் சொல்வதற்கு முகமும் கைகளும் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக ஒரு விளக்கம். மேலாடை என்று இப்னு மஸ்ஊத் வழியாக இன்னொன்று. துணியின் அளவில் நபித்தோழர்களிடமே இரண்டு கருத்து! பார்வையைத் தாழ்த்தத் தேவையில்லை என்று சொன்ன ஓர் அறிஞரை எதிரணி காட்டட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.

இறுதி ஹஜ்ஜில் நடந்ததைக் கேளுங்கள். நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் ஃபழ்ல் உட்கார்ந்திருக்கிறார், இளைஞர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் வந்து, வாகனத்தில் உட்காரக்கூட முடியாத தன் முதிய தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கேட்கிறார். பெண் அழகானவர். ஃபழ்ல் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். நபி (ஸல்) கையைப் பின்னால் நீட்டி, ஃபழ்லின் தாடையைப் பிடித்து முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு, செய்யலாம் என்று பதில் கிடைத்தது. புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

இஹ்ராமில், அதாவது பெண்கள் முகத்திரை போடாத ஹஜ் நிலையில், இருந்ததால்தான் அந்தப் பெண்ணின் முகம் திறந்திருந்தது என்பார்கள். சரி, இருக்கட்டும். முகம் திறந்திருந்த அந்த நேரத்தில் திருத்தப்பட்டது யாருடைய கண்?

இன்னொன்று. ஒருவர் தன் சகோதரனிடம், ‘இவ்வளவு வெட்கப்படாதே’ என்று கண்டித்துக்கொண்டிருந்தார். “அவரை விட்டுவிடுங்கள், வெட்கம் ஈமானில், இறைநம்பிக்கையில் உள்ளது” என்றார்கள் நபி (ஸல்). ஹயா என்கிற இந்த வெட்கத்தைப் பற்றி எல்லாரும் எடுத்துச் சொல்கிற இந்த நபிமொழியில் வெட்கப்பட்டவர், கவனியுங்கள், ஓர் ஆண்!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர், ஃபழ்லின் கண்ணுக்கு எத்தனை முழம் துணி வேண்டும் என்று அளந்து சொல்லட்டும். உட்கார்ந்து கேட்கிறேன்.