சாவு மேளம்தான், அதனால் என்ன?

(பெங்களூரில் பொங்கல் விழாவையொட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "கோலார் தங்கவயல் போன்ற சிறு நகரத்துக்கு ப்ளூஸ், ஜாஸ் இசைத் திருவிழா தேவையா, தேவையில்லையா?" 'தேவையே' அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இரண்டு அணிக்கும் வணக்கம். சர்க்கரைப் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும் பெரிய கும்பிடு.

ஐயா, எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி எதிரணி அண்ணனுக்கே போகப் போகிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மணியைத் தட்டக் கூடாது. அண்ணன் என்ன சொன்னார்? "சாவு வீட்டு மேளத்துக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டால் அதுதான் ஜாஸ். அதைக் கேட்க டிக்கெட் வேறயா?" என்றார். விழுந்ததே கைதட்டல்! முன்வரிசையில் ஒரு தாத்தா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான் சிரித்தேன். எதிரணி என்பதற்காக நல்ல நகைச்சுவையை விட்டுவிட முடியுமா?

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அண்ணன் எங்கள் அணியில் பேச வேண்டியவர். நாற்காலி மாறி உட்கார்ந்துவிட்டார்.

ஏனென்றால் அவர் சொன்னது கேலி இல்லை, வரலாறு. ஜாஸ் வளர்ந்த ஊர் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஒருவர் இறந்துபோனால் பேண்டு வாத்தியம் முன்னால் போகும். கல்லறைக்குப் போகிற வரைக்கும் மெதுவான பக்திப் பாட்டு, கால் எழும்பாமல் நடக்கிற நடை. அடக்கம் முடிந்து ஊருக்குள் திரும்பும்போது அதே பேண்டு துள்ளல் போடும். பின்னால் ஜனங்கள் குடையை விரித்து ஆட்டிக்கொண்டு, கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடி வருவார்கள். அப்படிப் பின்னால் வருகிற கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்றே பெயர். 1901-இல் பிறந்த ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் சின்னப் பையனாகக் கேட்டு வளர்ந்தது அந்தத் தெரு வாத்தியத்தைத்தான். ஆகவே அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். சாவு மேளம்தான். அதனால் என்ன?

இப்போது என் கூடத் தங்கவயலுக்கு வாருங்கள்.

என் பெரியப்பா அங்கே சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் டிரம்பெட். யாரிடம் கற்றார்? யாரிடமும் இல்லை. துரைமார் கிளப்பில் கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் டான்ஸ் நடக்கும், ஆங்கிலோ இந்தியர்கள் வாசிப்பார்கள். பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டு, வீட்டுக்கு வந்து ஊதிப் பார்ப்பார். பெரியம்மா கதவைச் சாத்துவார். ஊதி ஊதி மேலுதட்டில் காசளவுக்கு ஒரு வட்டத் தழும்பு அவருக்கு. மீசை வைத்து அதை மறைக்கச் சொன்னால், "அது என் டிகிரிம்மா" என்பார்.

ஒரு நாள் மாரிக்குப்பத்தில் ஒரு பாட்டி இறந்துபோனார். பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்த கல்யாணச் சாவு. பெரியப்பாவின் பேண்டு செட்டுக்குத்தான் ஆர்டர். போகும்போது ஒழுங்காக, துக்கமாக வாசித்தார்கள். அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வெயில், எல்லாருக்கும் பசி, யாரும் யாரோடும் பேசவில்லை. பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, கிளப்பில் கேட்ட அந்த டான்ஸ் பாட்டை எடுத்து ஊதிவிட்டார்!

ஊதின பிறகுதான் ஐயோ என்று இருந்ததாம். முன்னால் போய்க்கொண்டிருந்த மூத்த மகன், மொட்டைத் தலை, ஈர வேட்டி, அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார். டிரம் நின்றது. கிளாரினெட் நின்றது. தெருநாய்கூட நின்றது என்று பெரியப்பா சொல்வார்.

"இப்போ இன்னா வாசிச்சே நீ?"

"தெரியாம வந்துடுச்சுண்ணே."

"தெரிஞ்சே இன்னொரு தடவை வாசி."

வாசித்தார்கள். அந்த ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூத்த மகன் ஆடினார் பாருங்கள்! மருமகள்கள் ஒரு கண்ணில் அழுதுகொண்டு, இன்னொரு கண்ணில் சிரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். மாரிக்குப்பத்தில் ஒரு செகண்ட் லைன். நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு ஊர் இருப்பதே அவர்களில் யாருக்கும் தெரியாது.

நடுவர் ஐயா சிரிக்கிறார். இருங்கள், கதை இன்னும் முடியவில்லை.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் கல்யாண ஊர்வலம். அதே பேண்டு செட்டு. டிரம் அடிக்கிற பையனுக்கு நேற்றைய குஷி கையை விட்டுப் போகவில்லை. அவன் அந்தத் தாளத்தை எடுக்க, பெரியப்பாவும் அந்தப் பாட்டையே எடுத்துவிட்டார். ஊர்வலம் ஜோராகப் போகிறது. பெண்ணின் சித்தப்பா ஒருவர், முந்தின நாள் மாரிக்குப்பத்தில் மாலை போடப் போனவர், தலையை ஆட்டி ரசித்துக்கொண்டு வந்தவர், திடீரென்று வெலவெலத்துப்போய்க் கத்தினார்: "நிறுத்துய்யா! நேத்து பாடைக்கு வாசிச்ச பாட்டாச்சே இது!"

அவ்வளவுதான். அத்தைமார் நெஞ்சில் அடித்துக்கொள்ள, சமையல்காரர் கரண்டியோடு தெருவுக்கு வர, மாப்பிள்ளை காரை விட்டு இறங்கப் பார்க்க, அவரை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க... பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து, சாய்த்து, உள்ளே தேங்கியிருந்த எச்சில் தண்ணியை நிதானமாக உதறிவிட்டுச் சொன்னார்:

"நேத்து ஒரு அம்மாவை அவங்க போற வீட்டுக்கு வழியனுப்பினோம். இன்னிக்கு உங்க பொண்ணை அது போற வீட்டுக்கு வழியனுப்புறோம். பாட்டு ஒண்ணுதாங்க. நடைதான் வேற."

(கைதட்டாதீர்கள், கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.)

இந்தக் கதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் கொஞ்சம் வளரும். போன தடவை கேட்டபோது மாப்பிள்ளை காரில் இல்லை, குதிரையில் வந்தார். ஆனால் கடைசி வரி மட்டும் மாறியதே இல்லை. அந்தச் சித்தப்பாவே பிற்பாடு தன் மகள் கல்யாணத்துக்குப் பெரியப்பாவிடம் வந்து, "அந்தப் பாட்டை மட்டும் வாசிக்காதே" என்று கண்டிஷன் போட்டு அட்வான்ஸ் கொடுத்தாராம். ராத்திரி பத்து மணிக்கு அவரே தள்ளாடிக்கொண்டு வந்து, "ஏம்ப்பா, அதை வாசியேன்" என்றாராம்.

ஒரே பாட்டை எடுத்து, இடத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி நடையை மாற்றி, அந்த நிமிஷத்தில் தோன்றுவதைச் சேர்த்து வாசிப்பது. ஜாஸ் என்றால் இதுதான் ஐயா. இதைக் கேட்க இந்தப் பெங்களூர் இந்திராநகரில் மேசைக்குக் காசு கட்டி, பாதி இருட்டில் உட்கார்ந்து, புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டியதில்லை. தங்கவயலில் தெருவிலேயே இருந்தது.

அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. 'சாவு மேளம்' என்றதும் நாம் எல்லாரும் சிரித்தோமே, எதற்குச் சிரித்தோம்? அந்த மேளத்தை யார் அடித்தார்கள், அடித்தவர்களை எந்தத் தெரு வரைக்கும் விட்டோம் என்பதும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். பருத்திக் காட்டில் முதுகு ஒடிந்த கறுப்பின மக்களின் பாட்டு ப்ளூஸ். கிளாரினெட் வாசித்தால் கேட்பார்கள், முன்வாசல் வழியாக வந்தால் விடமாட்டார்கள். தோல் தட்டுகிறவனைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் எல்லா நாட்டுக்காரனும் கெட்டிக்காரன்தான்.

"அந்நிய இசை" என்று அந்த அணியின் அக்கா சொன்னார். ஒரு வரியில் முடிக்கிறேன்: நாதஸ்வர வித்வான் ஒருவரின் பிள்ளை, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கி அதையே கற்றுக்கொண்டவர்தான் கத்ரி கோபால்நாத். அவர் அதில் கல்யாணி வாசித்தபோது யாரும் எழுந்து போகவில்லை.

"ரோடு இல்லை, தண்ணி இல்லை, இதில் ஜாஸ் கேட்குதா?" என்றார்கள். ரோடும் வேண்டும், தண்ணியும் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தங்கவயலைப் பட்டிக்காடு மாதிரி பேசாதீர்கள். காவிரி நீர்மின் நிலையம் இருந்த சிவனசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது 1902-இல். இந்தப் பெங்களூருக்கு விளக்கு எரிந்தது 1905-இல். மூன்று வருஷம் நீங்கள் இருட்டில் இருந்தீர்கள், நாங்கள் ஏதாவது சொன்னோமா?

இப்போது இன்னொரு ஊர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல். சின்ன ஊர், பருத்தியை நம்பின ஊர். 1944-இல் அதன் பக்கத்துப் பண்ணையில் விதைப்பது முதல் பறிப்பது வரை முழுக்க முழுக்க இயந்திரமே செய்த பருத்தி விளைச்சல் வந்தது. அதோடு கைக்கு வேலை குறைந்தது, ஜனங்கள் ரயிலேறி வடக்கே சிகாகோவுக்குப் போனார்கள். அதற்கு முந்தின வருஷமே ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டின ஒருவர் அந்த ரயிலில் ஏறிவிட்டார். பெயர் மட்டி வாட்டர்ஸ். சிகாகோவில் அவர் மின்சாரக் கிட்டாரில் வாசித்ததுதான் பிற்பாடு உலகத்து ராக் இசைக்காரர்களை எல்லாம் ஆட்டி வைத்தது. அந்த ஊர் என்ன செய்தது? "எல்லாரும் போய்விட்டார்கள்" என்று அழுதுகொண்டே இருக்கவில்லை. 1979-இல் ப்ளூஸுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்தது. இப்போது அது இருப்பது பழைய சரக்கு ரயில் கட்டடத்தில். வருஷா வருஷம் திருவிழா. போனவர்களின் பாட்டைக் கேட்க உலகம் அங்கே வருகிறது. பிரான்சில் மார்சியாக் என்று ஒரு கிராமம், ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். 1978-இல் ஆரம்பித்த ஜாஸ் திருவிழா இன்றைக்கும் கோடையில் லட்சம் பேருக்கு மேல் இழுக்கிறது. கேட்டால் இன்னும் சொல்வேன், மணி நடுவர் கையில் இருக்கிறது.

கிளார்க்ஸ்டேல் கதையைப் படித்தபோது எனக்கு அது வெளிநாடாகவே தெரியவில்லை ஐயா. 1880-லிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த ஊர் எங்களுடையது. இறங்கினவர்களில் பெரும்பாலோர் வடாற்காட்டிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்த தமிழர்கள். 2001 பிப்ரவரி 28. சுரங்கம் மூடினார்கள். அன்றிலிருந்து விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் நிரம்புகிறது. உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நீலச் சட்டை போட்டுக் கதவு திறந்துவிடுகிறாரே ஒரு செக்யூரிட்டி, ஊர் எது என்று என்றைக்காவது கேட்டுப் பாருங்கள். என் அப்பாவும் அந்தச் சட்டையைப் போட்டவர்தான். பாறை வெடித்த கை, பெரிய மனிதர்களின் காருக்கு சல்யூட் வைத்தது. ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இன்னைக்கு ஒருத்தர் பேரைக் கேட்டாரு" என்று சந்தோஷமாகச் சொல்வார். பேரைக் கேட்டதற்கு சந்தோஷம் ஐயா!

ரயில் ஒரே திசையில்தான் நிரம்புகிறது. காலையில் இங்கே வர. எங்கள் ஊரைப் பார்க்க என்று யாரும் ஏறியதில்லை. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் சினிமா எடுக்க வருவார்கள், எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ரயில் இங்கிருந்து நிரம்பி அங்கே போகட்டும். மேடையில் சாக்ஸஃபோன் இருக்கட்டும், பக்கத்திலேயே பறை இருக்கட்டும், கானா பாடுகிற எங்கள் பையன்கள் இருக்கட்டும். லாபமா நஷ்டமா என்று எதிரணி கணக்குப் போடட்டும், எனக்குக் கணக்கு வராது.

நேற்று அப்பாவுக்கு போன் போட்டுத் தலைப்பைச் சொன்னேன். "நீ எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "வர்றவங்க ட்ரெயின்லயா வருவாங்க?"

"ட்ரெயின்லதான் வருவாங்கப்பா."

"அப்போ நான் ஸ்டேஷன்ல நிக்கறேம்மா. புது ஜனம், வழி தெரியாம சுத்துவாங்க."

மணி அடித்துவிட்டீர்கள், சரி ஐயா, முடித்துக்கொள்கிறேன். தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொடுங்கள். அப்பா சட்டை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார், அவரிடம் போய் 'தேவையில்லை' என்று சொல்கிற வேலையை மட்டும் எதிரணி அண்ணனே பார்த்துக்கொள்ளட்டும். வணக்கம்.