மலையை நூல் போட்டு அறுக்கிறாங்க, பார்த்திருக்கீங்களா?

அவிச்ச முட்டையை நூலால ரெண்டா அறுப்போம்ல? அதே மாதிரி கருங்கல் மலையை அறுக்கலாம். நம்ம கிருஷ்ணகிரி குவாரியில நடக்கிறதுதான். ஸ்கிப் பண்ணிடாதீங்க, முறுக்குற இடம் இன்னும் வரல!

"கிருஷ்ண"ன்னா கருப்பு, "கிரி"ன்னா மலை. மாம்பழத்துக்குப் பேர் வாங்கின ஊருதான், ஆனா பேருக்குள்ள உட்கார்ந்திருக்கிறது கல்லு.

பழைய கதையைச் சட்டுனு முடிச்சிடறேன். வரிசையா ஓட்டை போட்டு ஆப்பு அடிப்பாங்க, இல்லன்னா மருந்து வெச்சு வெடிப்பாங்க. வெடிச்ச அதிர்வுல கல்லுக்குள்ள மயிரிழை விரிசல் விழும். பாலீஷ் போட்டப்புறம்தான் அது கண்ணுல படும். கூலி, லாரி வாடகை எல்லாம் தண்டம்.

இப்ப இதைப் பாருங்க.

(குளோசப்: கையில ஒரு முழம் வயர்)

இதுதான் டயமண்ட் வயர். இரும்புக் கயித்துல பாசிமணி கோத்த மாதிரி இருக்கா? ஒரு மணி 11 மில்லிமீட்டர் தடிமன், மீட்டருக்குச் சுமார் 40 மணி. நடுவுல ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஊத்தியிருப்பாங்க. மணி மேல வைரத் துகள். நகைக்கடை வைரம் இல்லீங்க, மெஷின்ல செஞ்சது. 1954 டிசம்பர்ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில ட்ரேசி ஹால் செயற்கை வைரம் செஞ்சு காட்டினார். அவருக்குக் கிடைச்ச பரிசு 10 டாலர் சேமிப்புப் பத்திரம்! இன்க்ரிமென்ட் வராதவங்க கமெண்ட்ல வந்து அழலாம்.

வைரம் ஏன்? கடினத்துக்குப் பத்து வரைக்கும் மார்க் போடுற மோஸ் அளவுல, கருங்கல்லுல இருக்கிற குவார்ட்ஸ்ங்கிற கனிமம் 7, வைரம் 10. மார்பிள் வெறும் 3. அதனாலதான் இந்த வயர் இத்தாலி கராரா மார்பிள்ல முதல்ல ஜெயிச்சுட்டு, அப்புறம் கருங்கல்லுக்கு வந்துச்சு.

சரி, மலைக்குள்ள வயரை எப்படிக் கோக்கிறது? மேலிருந்து ஒரு ஓட்டை, முன்பக்கத்துல இருந்து படுக்கையா ஒரு ஓட்டை. ரெண்டும் உள்ள முட்டணும். மேல் ஓட்டையில சன்னக் கயிறு விட்டுத் தண்ணியோ காத்தோ அடிச்சா, கீழ் ஓட்டையில எட்டிப் பார்க்கும். அதுல வயரைக் கட்டி இழுக்க வேண்டியதுதான். பாவாடைக்கு நாடா கோக்கிற வேலை!

ரெண்டு முனையையும் சேர்க்கிறதுக்கு முன்னாடி வயரை முறுக்குவாங்க. மீட்டருக்கு ஒரு சுத்து, ஒன்றரைச் சுத்து. எதுக்கு? சந்தனக்கட்டையை ஒரே பக்கமா உரைச்சா பட்டையாத் தேயும்ல, மணியும் அப்படித்தான். முறுக்கிவிட்டா வயர் ஓடும்போதே உருண்டுக்கிட்டே ஓடும், மணி நாலாபக்கமும் சமமாத் தேயும். என்னைக் கேட்டா வைரத்தை விட இந்த முறுக்குதான் பெரிய கண்டுபிடிப்பு. ஒரு பைசா செலவில்ல!

அப்புறம் வளையமான வயரை மோட்டார் சக்கரம் சுத்தவிடும். அந்த மோட்டாரே தண்டவாளத்துல பின்னாடி நகர்ந்து நகர்ந்து வயரைத் தொய்யாம இழுக்கும், சூடு தணியத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும், நம்ம டவுன் பஸ் தோத்துடும். வயர் அறுந்தா மணி தோட்டா மாதிரி பறக்கும். அதனால வயருக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது, வீடியோ எடுக்கிற நானும்தான்.

அடுத்த தடவை பெங்களூரு ரோட்டுல கல்லு லாரி முன்னாடி போனா, கல்லோட பக்கவாட்டைப் பாருங்க. பாதி ஓட்டைங்க வரிசையாத் தெரிஞ்சா அது டிரில் போட்டுப் பிரிச்ச பக்கம். வழவழன்னு இருந்தா வயர் அறுத்தது. ரெண்டும் இருக்கிற கல்லை முதல்ல பார்க்கிறவங்க கமெண்ட் போடுங்க. ஆனா லாரிக்கு ரொம்ப ஒட்டிப் போகாதீங்க, சப்ஸ்கிரைபர் குறைஞ்சிடுவாங்க!